பூட்டிய கணக்கும் டிரைவர் அண்ணன் காலும்

மார்ச் 4

அன்புத் தம்பி,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அத்தானுக்குச் சளி, அது வருஷம் பூரா உள்ளதுதான். உன் முதுகு வலி எப்படி இருக்கு?

கையால எழுதின உறையைப் பார்த்ததும் யாருக்கு என்னமோன்னு பதறியிருப்பே. யாருக்கும் ஒண்ணுமில்ல. செவ்வாய்க்கிழமை காலையில அலாரத்தை நிறுத்தப் போனை எடுத்தேன். திரையில ரெண்டே வரி: "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. விதிகளுக்கு மாறான படம் கண்டறியப்பட்டது." அவ்வளவுதான். மெயில், படங்கள், எல்லார் நம்பரும், நாள்காட்டி, வழி காட்டுற வரைபடம்னு பதினொரு வருஷமா எல்லாத்தையும் அந்த ஒரே கம்பெனிகிட்டத்தான் கொடுத்து வச்சிருந்தேன். எல்லாம் ஒரே நொடியில போச்சு.

படுக்கையில கிடக்கிற ஒரு அம்மாவோட முதுகுப் புண்ணை டாக்டருக்குக் காட்ட எடுத்த படமாத்தான் இருக்கணும். இயந்திரத்துக்குப் புண்ணும் தெரியல, நர்ஸும் தெரியல, துணி இல்லாத உடம்பு மட்டும் தெரிஞ்சிருக்கு. மேல்முறையீடு செஞ்சேன். ஒரு நிமிஷத்துல பதில்: "உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை." ஒரு நிமிஷத்துல என்ன கவனமோ!

பத்தொன்பது வீட்டுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுறவ நான். எந்த வீட்டு விலாசமும் இப்ப என்கிட்ட இல்ல. அதுல டிரைவர் அண்ணன் நிலைமைதான் ரொம்ப மோசம். பஸ் ஓட்டினவர், சர்க்கரை நோய், இடது கால்ல ரெண்டு விரலைப் போன வருஷமே எடுத்தாச்சு. பாதத்துல பெரிய புண். பதினாலு வாரமா வாரம் ஒரு படம் எடுத்து வச்சிருந்தேன். அது ஆறிக்கிட்டு வருதுங்கிறதுக்கு அந்தப் படங்கள்தான் சாட்சி.

உன் நம்பரும் போச்சு. நீ அனுப்பின பார்சல் அட்டைப்பெட்டியில அத்தான் பழைய செருப்பைப் போட்டு வச்சிருந்தார். அதுல இருந்துதான் உன் விலாசத்தை எடுத்தேன். நீ இருக்கிற ஊர்ல அந்தக் கம்பெனிக்குப் பெரிய கட்டடம் ஒண்ணு இருக்காமே. அங்கே உனக்கு யாரையாவது தெரியுமா?

உடம்பைப் பார்த்துக்கோ.
அக்கா

மார்ச் 21

அன்பு அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். முதுகு குனிஞ்சா மட்டும் வலிக்குது. அத்தானை ஆவி பிடிக்கச் சொல்லு.

என் நம்பரைக் கீழே எழுதியிருக்கேன். ஆனா கடிதமே எழுது அக்கா. போன்ல நாம "சாப்பிட்டியா"வைத் தாண்டிப் பேசினதே இல்ல. வேலை நேரத்துல போனையும் வாசல்லயே வாங்கி வச்சுக்கிறாங்க.

நான் சொல்றதை அப்படியே செய். அதே போன்ல அந்தக் கம்பெனியிலேயே புதுக் கணக்கு ஆரம்பிக்காதே, அதையும் சேர்த்துப் பூட்டிடும். மெயில் மட்டும் நடத்துற சின்னக் கம்பெனிகள் இருக்கு, சந்தா கட்டினா போதும், ஒண்ணுல சேர்ந்துக்கோ. படங்களை வீட்டுல ஒரு டிஸ்க்ல வை, இன்னொரு பிரதியை வேற வீட்டுல வை. நம்பர்களை நோட்டுல எழுது. இனிமே எதுவுமே ஒரே இடத்துல இருக்க வேண்டாம். பூட்டின கணக்குல இருக்கிறதை உடனே அழிக்க மாட்டாங்க, சில மாசம் அப்படியே இருக்கும். மேல்முறையீட்டை விடாம அனுப்பிக்கிட்டே இரு.

இங்கே மழை. கிடங்குல எப்பவும் போல வேலை. டிரைவர் அண்ணன் கால் எப்படி இருக்குன்னு எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 6

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை அத்தான் ரெண்டு தடவை படிச்சார். "மீன் கிடங்குல குளிர்பெட்டி பார்க்கிறவன் எழுதின மாதிரியே இல்லையே, வக்கீல் எழுதின மாதிரி இருக்கு"ன்னார். நீ சொன்னபடியே செஞ்சுட்டேன். மெயில் வேற இடத்துக்குப் போயாச்சு. நோட்டுல நாற்பது நம்பர் சேர்ந்திருக்கு.

வழியை இப்ப வாயால கேட்டுத்தான் போறேன். மூணு வருஷமாப் போற ஒரு வீடு, போன் திரும்புன்னு சொன்னா திரும்புவேன், நில்லுன்னா நிற்பேன். போன வாரம் வழி தெரியாம தலையை நிமிர்த்தினேன் பாரு, தெரு முனையில அப்படி ஒரு மரம்! பத்து பேர் கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாது. இத்தனை நாளும் அதுக்குக் கீழதான் ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கேன். அஞ்சு நிமிஷம் வாயைப் பிளந்துகிட்டு நின்னேன். ஒருத்தர் வந்து "என்ன தொலைச்சீங்க?"ன்னு கேட்டார்.

கெட்ட சேதியும் இருக்கு. பழைய சர்ஜன் மாற்றலாகிப் போயிட்டார். புதுசா வந்தவர் டிரைவர் அண்ணன் காலை இன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்க்கிறார். பார்த்ததும், "முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம். விட்டா உயிருக்கே ஆபத்து" என்கிறார். "பாதியா ஆறியிருக்கு டாக்டர்" என்றேன். "எங்கே, காட்டுங்க" என்றார். காட்ட என்கிட்ட என்ன இருக்கு? நல்ல மனுஷன்தான், பார்க்காததை எப்படி நம்புவார்? கெஞ்சிக் கூத்தாடி ஆறு வாரம் வாங்கியிருக்கேன்.

படம் எடுக்கிற வழக்கம் வர்றதுக்கு முந்தி நாங்க படிச்ச முறை ஒண்ணு உண்டு. சுத்தமான கண்ணாடித் தாளைப் புண்ணு மேல மெதுவா வச்சு, ஓரத்தைப் பேனாவால வரைஞ்சு எடுக்கிறது. அப்புறம் கட்டம் போட்ட காகிதத்து மேல வச்சு எண்ணணும். இன்னைக்கே முதல் தாளை வரைஞ்சுட்டேன். இருபத்தாறு கட்டம்.

நான் கேட்டதுக்குப் பதில் எழுத மறந்துட்டே. அந்தக் கம்பெனியில யாரையாவது தெரியுமா?

பிரியமுள்ள
அக்கா

மே 11

தம்பி,

அஞ்சு வாரமாக் கடிதமே இல்ல. முதுகா? வேற ஏதாவதா? போன் பண்ணினா "நல்லா இருக்கேன், எழுதுறேன்"னு சொல்லி வச்சுடுறே. உன் குரல் சரியில்ல.

ஒண்ணு சொல்லணும். நேத்து அஞ்சு வாரத் தாளையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். இருபது வருஷமாப் புண்ணைப் பார்க்கிறேன், அது நகர்றதை இதுவரைக்கும் பார்த்ததில்ல. அஞ்சு கோடு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வெயில்ல வத்துற குளம் மாதிரி கரை நாலு பக்கமும் உள்ளே வருது. யாரும் சொல்லித் தரல, யாரும் விரட்டல. நாங்க தூங்கும்போதும், நான் சர்ஜனோட சண்டை போடும்போதும் அந்தத் தோல் பாட்டுக்கு வந்துகிட்டே இருந்திருக்கு. அண்ணிகிட்ட, அதான் டிரைவர் அண்ணன் சம்சாரத்துகிட்ட, காட்டினேன். அவங்க தாளைத் தொடக்கூட இல்ல, கையை மட்டும் துடைச்சுக்கிட்டாங்க.

பதினெட்டாம் தேதி முடிவு. ரெண்டு வரியாவது எழுது.

அக்கா

மே 20

அக்கா,

எல்லாரும் நலமாக இருக்கணும். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல.

நான் வேலை பார்க்கிறது மீன் கிடங்குல இல்ல. ஆறு வருஷமா அந்தக் கம்பெனியோட கட்டடத்துல வேலை பார்க்கிறேன். உன் படங்கள், எல்லார் படங்களும் இருக்கிற இயந்திரங்களைக் குளுமையா வச்சிருக்கிற தண்ணிக் குழாய்களைப் பராமரிக்கிறது என் வேலை. எங்கே வேலைன்னு வெளியே சொல்லக்கூடாதுன்னு சேரும்போது கையெழுத்து வாங்கினாங்க. அதனால மீன்னு சொன்னேன். அப்புறம் நீங்க மீன் ஜோக் அடிக்க ஆரம்பிச்சீங்க, எனக்கும் அதுவே பழகிப் போச்சு. உன் மார்ச் மாசக் கடிதம் வந்தப்போ சொல்லியிருக்கலாம். உன் சோத்துல மண்ணைப் போட்ட கம்பெனியோட சோத்தைத்தான் நான் சாப்பிடுறேன்னு எப்படி எழுதுறது?

என்னால உன் கணக்கைத் திறக்க முடியாது அக்கா. நான் குழாய்க்காரன். அந்த இயந்திரங்களை விரலால தொடக்கூட எனக்கு அனுமதி இல்ல.

டிரைவர் அண்ணன் கால் என்னாச்சு? நேத்தே போன் பண்ணணும்னு நினைச்சேன். பயந்துட்டேன்.

தம்பி

ஜூன் 3

அன்புத் தம்பி,

முதல்ல கால். கால் இருக்கு! சர்ஜன் ஆறு தாளையும் வாங்கி அடுக்கினார், சரிஞ்ச மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு விளக்குல பிடிச்சார். அப்புறம் மேல இருந்த தாளை எடுத்தார், வச்சார், மறுபடி எடுத்தார், வச்சார். "இருபத்தாறுல இருந்து பன்னிரண்டா?" என்றார். "நானே எண்ணினேன்" என்றேன். "நானும் எண்ணிப் பார்க்கிறேன்"னு பேனா முனையால ஒவ்வொரு கட்டமா எண்ணினார். பன்னிரண்டு. "கத்தி வேண்டாம். கட்டுப் போடுங்க" என்றார். டிரைவர் அண்ணன் அழுவார்னு பார்த்தா, "அப்ப நான் வீட்டுக்குப் போகலாமா? பசிக்குது" என்கிறார்.

அடுத்தது நீ. கோபம் வந்துச்சா? வந்துச்சு. மூணு நாள் உன் கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால போட்டு வச்சேன். கம்பெனிக்காக இல்ல. ஆறு வருஷமா நான் கேட்ட மீன் விலையெல்லாம் நீ எங்கேடா பிடிச்சே? அத்தான்தான் விழுந்து விழுந்து சிரிச்சார். அவர் சிரிச்சதுல எனக்கும் ஆறிப் போச்சு.

நீ குழாய்க்காரன், நான் கட்டுப் போடுறவ. யாரையும் திறந்து விடுற சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. அதை விடு. உள்ளே போய்ப் பார்த்தவன் நீ. அது எப்படி இருக்கும்? பதினொரு வருஷமா என் வாழ்க்கையை ஒரு இடத்துக்கு அனுப்பியிருக்கேன், அந்த இடம் எப்படி இருக்கும்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்ல. எழுது.

அக்கா

ஜூன் 24

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் பஸ்ஸுலயே பிரிச்சுப் படிச்சேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன ஆச்சுன்னு கேட்டார். "ஒருத்தர் கால் பிழைச்சுடுச்சு" என்றேன். அவர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

நீ கேட்டதை எழுதுறேன். வெளியே இருந்து பார்த்தா ஜன்னல் இல்லாத சாம்பல் நிறச் சுவர், அவ்வளவுதான். உள்ளே ஒரு முனையில நின்னா மறுமுனை தெரியாது. ரெண்டு பக்கமும் என்னைவிட உயரமான இரும்பு அலமாரிகள், வரிசை வரிசையா. அந்த மாதிரி பன்னிரண்டு கூடம். ஆளே கிடையாது. நான் நடந்து போனா என் காலடிகூட எனக்குக் கேட்காது. அவ்வளவு இரைச்சல், காதை மூடிக்கிட்டுத்தான் போகணும். ஒவ்வொரு அலமாரியிலும் கடுகு மாதிரிப் பச்சை விளக்குகள், லட்சக்கணக்குல, ஒண்ணு மாதிரி ஒண்ணு மினுக்காது. முதல் நாள் நடுவுல நின்னுட்டேன். எந்த விளக்கு மினுக்கினாலும் எங்கேயோ யாரோ ஏதோ கேட்கிறாங்கன்னு கூட வந்தவர் சொன்னார். ஒருத்தர் வழி கேட்கிறார், ஒருத்தி தன் குழந்தை படத்தைத் தேடுறா, யாரோ ஒரு நோய்க்குப் பேர் தேடுறாங்க. மயிர்க்கூச்செறிஞ்சது அக்கா. பயமும் இல்ல, பக்தியும் இல்ல. அதுக்கு வேற பேர் இருக்கணும்.

தண்ணி நீலக் குழாயில ஜில்லுன்னு உள்ளே போகும், சிவப்புக் குழாயில வெளியே வரும். என் இடுப்பு பருமன். சிவப்புக் குழாய் மேல கை வச்சா காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி இருக்கும். அது அத்தனை பேரும் கேட்டதோட சூடு. உன் படம் எந்த அலமாரியில இருக்குன்னு கேட்டுப் பார்த்தேன். எந்தப் படமும் ஒரு இடத்துல முழுசா இருக்காதாம். துண்டு துண்டாக்கி வேற வேற கூடத்துல, வேற வேற ஊர்லகூட வச்சிருப்பாங்களாம். டிரைவர் அண்ணன் கால் இத்தனை இடத்துல சிதறிக் கிடக்கு.

பெருசு அக்கா, ரொம்பப் பெருசு. அதைப் பார்த்து நான் இன்னும் அசந்துதான் போறேன். அவ்வளவு பெருசுல உன் ஒரு குரலைக் கேட்க ஒரு காது இல்லைங்கிறதும் அசர வைக்குது.

தம்பி

ஜூலை 13

அன்புத் தம்பி,

உடம்பு நல்லா இருக்கா? இங்கே சளி அத்தானை விட்டு எனக்கு வந்திருக்கு.

உன் கடிதத்தை டிரைவர் அண்ணனுக்குக் கட்டுப் போடும்போது அண்ணியை வாசிக்கச் சொன்னேன். கால் சிதறிக் கிடக்குங்கிற இடம் வந்ததும் அவர், "நான் வேலையை விட்டு ஒரு வருஷமாச்சு. என் கால் மட்டும் ஊர் ஊராச் சுத்துதா?" என்றார். அண்ணி சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. பதினாலு வாரம் படம் எடுத்தேனே, அது எங்கே போகுதுன்னு அவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. படம் எடுத்ததும் போன் தானா அனுப்பிடும், அதை நிறுத்தத் தெரியாதுன்னு இருந்துட்டேன். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். அப்புறம், "நீங்க ஆறணும்னுதானேம்மா எடுத்தீங்க. ஆனா இனிமே கேளுங்க" என்றார். அந்த "ஆனா"வை நான் மறக்க மாட்டேன்.

இப்ப பத்தொன்பது வீட்டுலயும் கண்ணாடித் தாள்தான். தாள் அவங்க வீட்டுலயே இருக்கும். படம் வேணும்னா ஆஸ்பத்திரி கேமரா, ஆஸ்பத்திரி அலமாரி, அவங்க கையெழுத்து. மத்த நர்ஸுகளும் கேட்டாங்க, சொல்லிக் கொடுத்தேன்.

டிரைவர் அண்ணன் உன்னைக் கேட்கச் சொன்னார்: அவ்வளவு வெந்நீரையும் கடைசியில என்ன செய்றாங்க?

அக்கா

செப்டம்பர் 1

அன்பு அக்காவுக்கு,

சளி விட்டுதா? நான் சுகம். எழுதத் தாமதம், வேலை கொஞ்சம் மாறியிருக்கு. இப்ப கூடத்துக்குள்ள இல்ல, வெளியே கோபுரங்கள்கிட்ட. முதுகுக்கு நல்லது, காத்தோட்டமா இருக்கு.

டிரைவர் அண்ணன்கிட்டச் சொல்லு: சிவப்புக் குழாய்த் தண்ணி இந்தக் கோபுரங்களுக்குத்தான் வருது. உச்சியில இருந்து மழை மாதிரி விழும், கீழே இருந்து காத்து அடிக்கும், சூடு ஆவியாகி மேல போயிடும். குளிரான காலையில கட்டடத்து மேல வெள்ளையா ஒரு மேகம் நிற்கும். நேத்து அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். உலகம் பூரா கேட்ட கேள்விகள் ஆவியாகி மேல போகுது, ஒரு பறவை அதுக்குள்ள புகுந்து வெளியே வந்துச்சு.

உன் மேல்முறையீட்டு எண்ணை அனுப்பு. சும்மா கேட்கிறேன்.

தம்பி

அக்டோபர் 5

அன்புத் தம்பி,

கணக்கு திறந்துடுச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம். "மறுபரிசீலனைக்குப் பின் உங்கள் கணக்கு மீட்கப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." இந்தத் தடவை கீழே ஒரு பணியாளர் எண் இருந்துச்சு. மேல்முறையீட்டு எண்ணை உனக்குப் போன்ல அனுப்பின பதினாறாம் நாள் இது வந்தா நான் என்னடா நினைக்கிறது? கூடத்துல இருந்து உன்னை வெளியே மாத்தினதும் சும்மாதானா?

உட்கார்ந்து பார்த்தேன். பதினாலாயிரம் படம். நான் எடுத்ததுன்னே ஞாபகம் இல்லாத ஆயிரம் சாயங்காலங்கள். நான் போன தெருவெல்லாம் ஒரு வரைபடத்துல நீலக் கோடு, பதினொரு வருஷம். என் நரம்பு மாதிரி இருந்துச்சு. இத்தனை வாசலுக்கா போயிருக்கேன்னு நானே என்னைக் கும்பிடலாம் போல இருந்துச்சு. எல்லாத்தையும் இறக்க நாலு நாள் ஆச்சு. நோயாளிகள் படத்தை அவங்கவங்களைக் கேட்டுட்டுச் சிலதை ஆஸ்பத்திரியில வச்சேன், சிலதை அழிச்சேன். டிரைவர் அண்ணன் அழிக்கச் சொன்னார். நம்ம வீட்டுப் படம் ரெண்டு டிஸ்க். ஒண்ணு இந்தப் பார்சல்ல வருது.

அப்புறம் கணக்கை மூடினேன். நிச்சயமான்னு மூணு தடவை கேட்டுது. மூணு தடவையும் ஆமான்னு அழுத்தினேன். அத்தான் போன்ல இன்னும் அதே கம்பெனி வரைபடம்தான் இருக்கு, நான் வற்புறுத்தல. அவர் வழி கேட்கவே வெட்கப்படுற மனுஷன்.

நீ உண்மையை எழுது.

அக்கா

அக்டோபர் 21

அன்பு அக்காவுக்கு,

நலம். டிஸ்க் பத்திரமா வந்துச்சு.

ஆமா. மேற்பார்வை பார்க்கிற அம்மாகிட்ட முதல்ல ஜூலையிலேயே கேட்டேன். அக்கா என் கம்பெனியால அவதிப்படுறான்னு. வெளியாள் விஷயத்தைப் பேசினதுக்காக மேலிடத்துல இருந்து என்னை இங்கே மாத்தினாங்க. ஆனா அந்த அம்மா உன் எண்ணை வாங்கி, தனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அனுப்பியிருக்காங்க. அவர் உன் மேல்முறையீட்டை ஒரு முறை படிச்சாராம். நாலு நிமிஷம். பன்னிரண்டு கூடம், அத்தனை விளக்கு, இந்த மேகம் எல்லாம் இருந்தும் ஒரு மனுஷன் நாலு நிமிஷம் உட்கார வேண்டியிருந்துச்சு அக்கா.

வருத்தப்படாதே. எனக்குப் பறவைகள் இருக்கு. டிரைவர் அண்ணன் எப்படி?

தம்பி

நவம்பர் 9

அன்புத் தம்பி,

நீ சுகமா இருக்கணும், முதுகு நிமிர்ந்து இருக்கணும். எனக்காக நீ வாங்கிக் கட்டிக்கிட்டதைப் பத்தி நேர்ல வரும்போது பேசுறேன். இப்ப எழுதினா தாள் நனையும்.

இன்னைக்கு டிரைவர் அண்ணன் வீட்டுல கடைசிக் கட்டை அவிழ்த்தேன். கண்ணாடித் தாளை வச்சேன், வரையறதுக்கு ஓரம் இல்ல. வெறும் தாளைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அவர், "குளிக்கலாமா?" என்றார். ரெண்டு வருஷமா அந்தக் கால்ல தண்ணி பட்டதில்ல. அண்ணி பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. உள்ளே தண்ணி விழுற சத்தம் கேட்டுது.

வெளியே வந்தப்போ அண்ணி கையை விட்டுட்டார். ஜன்னல் வரைக்கும் தனியா நடந்தார். ஒம்பது அடி, நான் எண்ணினேன். திரும்பித் தரையைப் பார்த்தார். ஈரத்துல தடம் விழுந்திருந்துச்சு. வலது காலுக்கு அஞ்சு விரல், இடது காலுக்கு மூணு, நடுவுல முழுப் பாதம், ஓட்டை இல்லாத முழுப் பாதம். யாரோ புதுசா வீட்டுக்குள்ள வந்தவங்க தடத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "இது நானாம்மா?" என்றார்.

படம் எடுக்கலாமான்னு அவரைக் கேட்டேன். "எடுங்க" என்றார். நான் பையில போனைத் தேடி எடுக்கிறதுக்குள்ள தரை காஞ்சு போச்சு. அதனாலதான் உனக்கு உடனே எழுதுறேன்.

அக்கா